தவணையைத் தொழில் கட்டட்டும்: தோட்டப் பெண்களின் கடனும் பயிற்சியும்

(கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



கிராமப்புற வறுமையும் பெண்களுக்கான சிறுதொழில் கடனும் பற்றிப் பேசுமாறு கேட்டிருந்தீர்கள். பெரிய தலைப்பு அது. நான் அதைச் சப்ரகமுவத் தோட்டங்கள் அளவுக்குச் சுருக்கிக்கொள்கிறேன். நுவரெலியாவைப் பற்றியும் பதுளையைப் பற்றியும் எழுதுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் இறப்பருக்கும் தேயிலைக்கும் நடுவே, சிங்களக் கிராமங்களுக்கிடையில் சிதறி வாழும் நம் மக்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. இங்குள்ள பெண்ணின் கடன், மற்ற இடத்துப் பெண்ணின் கடனைப் போன்றதன்று.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கடன் தொழில் கடனா இல்லையா என்பதை விண்ணப்பத்தில் எழுதிய காரணத்தைக் கொண்டு தீர்மானிக்கக் கூடாது. அதன் தவணை எங்கிருந்து கட்டப்படுகிறது என்று பார்க்க வேண்டும். தொழிலில் வந்த காசிலிருந்து தவணை கட்டினால் அது தொழில் கடன். நாட்சம்பளத்திலிருந்து கட்டினால் அது சம்பளத்தின் மேல் வாங்கிய முற்பணம். இன்று தோட்டங்களில் தொழில் கடன் என்று வழங்கப்படுவதில் பெரும்பங்கு இந்த இரண்டாம் வகை என்பது என் முடிவு. இதை ஆறு குறிப்புகளாக விளக்குகிறேன்.

1. தோட்டமே கடனில் பிறந்தது

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் முன்னோர் இங்கு வந்தபோது அவர்களுக்கு முன்னால் கடன் வந்து சேர்ந்திருந்தது. ஊரில் கங்காணி கொடுத்த முற்பணம், வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் கணக்கில் ஏறின. தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் துரையிடமிருந்து 'துண்டு' வாங்க வேண்டும். இன்ன தொகை கடன், அதைக் கட்டினால் ஆளை விடுகிறோம் என்று அந்தச் சீட்டில் எழுதியிருக்கும். புதிய தோட்டம் அந்தக் கடனை அடைத்து ஆளை எடுத்துக்கொள்ளும். கடன் தீராது, பெயர் மாறி ஆளோடு சேர்ந்து நடக்கும். 1921ஆம் ஆண்டின் சட்டம் இந்தத் துண்டு முறையை ஒழித்தது.

இந்த வரலாற்றில் பெண்ணின் இடம் இன்னும் கீழே இருந்தது. ஆணும் பெண்ணும் ஒரே வேலைக்கு ஒரே நாட்சம்பளம் பெற 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெண்ணின் சம்பளத்தை வீட்டு ஆண் கைநீட்டி வாங்கிக்கொள்ளும் வழக்கமும் நெடுங்காலம் இருந்தது. உழைப்பு அவளுடையது, கணக்கு வேறொருவருடையது.

இன்றைய நுண்கடனை இந்தப் பின்னணியில் வைத்துப் பாருங்கள். கடன் கொடுக்க வருகிறவர் லயத்து வரிசை வீடுகளில் வாழும் பெண்ணைத் தேடி வருவதற்குக் காரணம் உண்டு. அவளுக்கு மாதச் சம்பளம் நிச்சயம். அவள் இருக்கும் இடம் தெரியும். பத்து வீட்டார் முன்னிலையில் அவமானப்பட அவள் அஞ்சுவாள். இவை மூன்றுதான் அங்கே பிணை. அவள் தொடங்கப்போகும் தொழிலை யாரும் ஆராய்வதில்லை. ஆராய வேண்டிய தேவையும் கொடுப்பவருக்கு இல்லை, ஏனென்றால் அவர் சம்பளத்தை நம்பித்தான் கொடுக்கிறார். நூறாண்டுக்கு முன் ஒழிக்கப்பட்ட முறையின் உள்ளீடு, உழைப்பை ஈடாக வைத்துக் கடன் கொடுப்பது, வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது.

2. கிழமைத் தவணையும் மாதச் சம்பளமும்

ஒரு கணக்குப் போடுவோம். ஐம்பதாயிரம் ரூபா கடன். ஆண்டுக்கு நூற்றுக்கு 24 வட்டி என்று சொல்லப்படுகிறது. ஆனால் வட்டி, தொடக்கத் தொகை முழுவதற்கும் ஆண்டு முழுவதற்கும் போடப்படுகிறது. ஆக 62,000 ரூபாவை 52 கிழமைகளில் கட்ட வேண்டும். கிழமைக்கு ஏறத்தாழ 1,192 ரூபா. முதல் கிழமையிலிருந்தே முதல் குறைந்துகொண்டு வருவதால் உண்மையான வட்டி ஆண்டுக்கு 24 அல்ல, ஏறத்தாழ 44. மத்திய வங்கி தன் மேற்பார்வையிலுள்ள நிறுவனங்களின் நுண்கடனுக்கு விதித்த உச்ச வரம்பு 35 வீதம். அது இந்த உண்மை வட்டிக்கான வரம்பு. ஆகவே கடன் வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை வீதம் என்பது அன்று; குறைந்து வரும் முதலுக்கு எத்தனை வீதம் என்பது.

இப்போது சம்பளப் பக்கம் வருவோம். 2021இல் 1,000 ரூபாவாக இருந்த நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ஆனது. 2026க்கான வரவு செலவுத் திட்டத்தில் 1,550 ரூபாவும் அரசின் 200 ரூபா வருகைக் கொடுப்பனவும் அறிவிக்கப்பட்டன. 1,550 என்றே வைத்துக்கொள்வோம். இருபது பேர், அதாவது இருபது வேலைநாள், போட்டால் 31,000. ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8 போனால் 28,520. அதிலிருந்து தீபாவளி முற்பணம், சங்கச் சந்தா, அரிசி மாக் கணக்கு எல்லாம் கழியும். மேலே சொன்னது போல இரண்டு கடன் இருந்தால் மாதத் தவணை 10,333 ரூபா, சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். மழை பிடித்து பதினான்கு பேர்தான் கிடைத்தது என்றால் கையில் வருவது 19,964. தவணை அதில் பாதியைத் தாண்டுகிறது.

இறப்பர்த் தோட்டத்தில் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் கடுமை. காலை மழையில் மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது. பெப்ரவரி, மார்ச்சில் இலையுதிர்ந்து பால் குறையும். தென்மேல் பருவம் தொடங்கினால் நாட்கள் மளமளவென்று போகும். வருமானம் மழையைப் பார்த்து வருகிறது. தவணை நாட்காட்டியைப் பார்த்து வருகிறது. இடையில் இருக்கும் பள்ளத்தை அவள் எதைக் கொண்டு நிரப்புவாள்? தோட்டை அடகு வைப்பாள், அல்லது இன்னொரு நிறுவனத்திடம் கடன் எடுத்து முதல் கடனைக் கட்டுவாள். ஒரு கடன் இரண்டாவதும் இரண்டாவது மூன்றாவதுமாகப் பெருகுவது இப்படித்தான். செலவாளித்தனம் அதற்குக் காரணமன்று.

3. நாடு ஏற்கெனவே கண்ட பாடம்

இது கேகாலைக்கு மட்டும் வந்த துன்பமன்று. போர் முடிந்தபின் வடக்கிலும் கிழக்கிலும், வறட்சிக்குப் பின் வடமத்திய மாகாணத்திலும் இதே கதை. 2016இல் நுண்நிதிச் சட்டம் வந்தது. 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், ஒரு இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த கடனைக் கட்ட முடியாமல் தவித்த பெண்களின் கடனை அரசு ஏற்றுக்கொள்வதாக அறிவித்தது. அந்தப் பன்னிரண்டில் கேகாலையும் இல்லை, இரத்தினபுரியும் இல்லை.  ஆனால் கடன் இங்கும் வந்திருந்தது.

அதே ஆண்டு செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் சபையின் சுயாதீன நிபுணர் ஹுவான் பாப்லோ போஹோஸ்லவ்ஸ்கி இலங்கைக்கு வந்தார். சில கடன்களின் வட்டி ஆண்டுக்கு 220 வீதம் வரை போனதை அவர் பதிவு செய்தார். தவணை கேட்டு வந்தவர்கள் பெண்களிடம் நடந்துகொண்ட விதத்தையும், பாலியல் தொல்லையையும் அவர் மறைக்காமல் எழுதினார். 2021 மார்ச்சில் ஹிங்குரக்கொடையில் பெண்கள் சத்தியாக்கிரகத்தில் அமர்ந்தார்கள். தங்கள் கடன் தங்கள் குற்றம் அல்ல என்று சாலையோரம் உட்கார்ந்து நாட்டுக்குச் சொன்னார்கள். அந்தக் குரலில் நம் தோட்டத்துப் பெண்ணின் குரலும் சேர்ந்திருக்க வேண்டும். அவள் ஒரு நாள் பேரை இழந்து சாலைக்கு வர முடியாததால் அது கேட்கவில்லை.

4. ஆய்வுகள் சொல்வது என்ன

கடன் என்றாலே தீது என்று நான் சொல்ல வரவில்லை. பங்களாதேஷின் ஜோப்ரா கிராமத்தில் 1976இல் முகமது யூனுஸ் தொடங்கிய முயற்சி, ஏழைப் பெண் கடனைத் திருப்பிக் கட்டுவாள் என்பதை உலகுக்குக் காட்டியது. அது பெரிய உண்மை. ஆனால் கட்டுவாள் என்பது ஒன்று, அதனால் வறுமை நீங்கும் என்பது வேறொன்று. இந்தியா, மெக்சிகோ, மொரோக்கோ, மொங்கோலியா, எத்தியோப்பியா, பொஸ்னியா ஆகிய ஆறு நாடுகளில் செய்த ஆய்வுகளை 2015இல் ஒருங்கே வைத்துப் பார்த்தபோது, நுண்கடனால் சிறிய நன்மை உண்டு, வாழ்க்கையைப் புரட்டிப் போடும் மாற்றம் இல்லை என்பதே முடிவாக வந்தது.

நமக்கு மிக நெருக்கமான ஆய்வு இலங்கையிலேயே நடந்தது. சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கன்சி, கிறிஸ்டபர் வூட்ரஃப் ஆகியோர் 2005 முதல் காலி, மாத்தறை, களுத்துறை மாவட்டங்களில் சிறுதொழில் செய்தவர்களுக்குக் குலுக்கல் முறையில் 10,000 அல்லது 20,000 ரூபா நன்கொடை கொடுத்து இலாபத்தைப் பின்தொடர்ந்தார்கள். வட்டியில்லாத, திருப்பித் தர வேண்டாத காசு அது. ஆண்கள் நடத்திய தொழில்களில் இலாபம் நன்றாக உயர்ந்தது. பெண்கள் நடத்திய தொழில்களில் சராசரியாக உயரவில்லை.

இதைக் கேட்டுப் பெண்ணுக்குத் தொழில் வராது என்று முடிவு கட்டுவது அநீதி. இந்தத் தரவுகளை இந்தியா, கானாத் தரவுகளோடு சேர்த்து மறுபடி ஆராய்ந்தவர்கள் 2019இல் ஒன்றை எடுத்துக்காட்டினார்கள். பெண் பெயரில் வந்த காசு, வீட்டில் கணவருக்கும் தொழில் இருந்தால் அந்தத் தொழிலுக்குப் போய்விடுகிறது. வீட்டில் அவள் ஒருத்திதான் தொழில் செய்கிறவள் என்றால் அவளுடைய முதலும் நல்ல பலன் தருகிறது. ஆக, குறை பெண்ணின் திறமையில் இல்லை. காசு அவள் கையில் நிற்கிறதா, அவள் தெரிந்தெடுத்த தொழில் வளரக்கூடியதா என்ற இரண்டு கேள்விகளில் இருக்கிறது. இலவசமாகக் கொடுத்த காசே தானாக இலாபம் தரவில்லை என்றால், 44 வீத வட்டிக்கு வாங்கிய காசு எப்படித் தரும்?

5. பயிற்சி: எந்தத் தொழிலுக்கு, எந்த நேரத்தில், எந்த மொழியில்

தோட்டப் பெண்களுக்கான பயிற்சி என்றால் பெரும்பாலும் தையல், காளான், கோழி, கேக், இனிப்பு. இவற்றைக் கற்பதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் செய்த பொருளை வாங்கப்போவது யார்? பக்கத்து லயம். அந்த லயத்திலும் அதே சம்பளம், அதே பத்தாம் திகதிச் சம்பள நாள். இருபதாம் திகதிக்குப் பிறகு எல்லாம் கடனுக்குத்தான் போகும். ஒரே தோட்டத்தில் பதினைந்து பேருக்குத் தையல் மெஷின் கொடுத்தால் பதினைந்து பேரும் ஒரே சட்டைக்குப் போட்டி போடுவார்கள். தோட்டத்துக்குள் சுற்றும் காசைத் தோட்டத்துக்குள்ளேயே சுற்ற விடுவதால் புதிய வருமானம் பிறக்காது. வெளியிலிருந்து காசு உள்ளே வர வேண்டும்.

அப்படி வெளியார் வாங்கும் பொருள் இந்த மலையில் இருக்கிறது. மிளகும் கராம்பும் சாதிக்காயும் கேகாலை மாவட்டத்தின் செல்வம். மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ கறுப்பு மிளகு. பச்சையாக விற்றால் ஒரு விலை. சுத்தமாகக் காயவைத்துத் தரம் பிரித்து விற்றால் வேறு விலை. கித்துள் பாணியும் கருப்பட்டியும் செய்யும் சிங்களக் கிராமங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. கண்டி வீதி மாவனல்லை வழியாகப் போகிறது. பின்னவல யானைகளைப் பார்க்க வருகிறவர்கள் தூரத்தில் இல்லை. அசுப்பினி எல்ல நீர்வீழ்ச்சிக்கு வருகிறவர்கள் இந்த வழியாகத்தான் போகிறார்கள். ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்துக்குச் செடியும் தெரியும், காயவைக்கும் முறையும் தெரியும். அந்த அறிவு லயத்துக்கு வந்து சேர வேண்டும். பால் மாடும் அப்படியே: பால் சேகரிக்கும் வண்டி தினமும் வரும் இடத்தில் மாடு வருமானம், வராத இடத்தில் மாடு பாரம்.

நேரத்தையும் பார்க்க வேண்டும். பகலில் பத்து நாள் பயிற்சி என்றால் அவளுக்கு 15,500 ரூபா போகிறது. பயிற்சி இலவசம் என்று நாம் எழுதுகிறோம். அவளுடைய கணக்கில் அது இலவசம் அன்று. பயிற்சி ஞாயிற்றுக்கிழமை நடக்க வேண்டும், அல்லது இழந்த பேருக்கு ஈடு கொடுக்க வேண்டும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா அன்றும் திறந்திருக்க வேண்டும்.

மொழி இன்னும் முக்கியம். இந்த மாவட்டத்தில் அலுவலகக் காரியம் சிங்களத்தில் நடக்கிறது. கடன் ஒப்பந்தமும் பெரும்பாலும் அப்படியே. வாசிக்க முடியாத தாளில் அவள் கையெழுத்து வைக்கிறாள். பத்துப் பேர் பிணையில் தானும் ஒரு பிணை என்பது தவணை தவறிய அன்றுதான் தெரியவருகிறது. தமிழில் எழுதப்படாத ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவது தவறு என்று நாம் உரக்கச் சொல்ல வேண்டும். கூடவே, நம் பெண்களுக்குப் பேச்சுச் சிங்களமும், விலை பேசவும் பற்றுச்சீட்டு வாசிக்கவும் போதுமான எழுத்துச் சிங்களமும் கற்பிப்பதைத் தொழிற்பயிற்சியின் பகுதியாகவே கொள்ள வேண்டும். சந்தை பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறது.

ILO என்று சுருக்கமாக அழைக்கப்படும் சர்வதேச தொழில் அமைப்பின் பயிற்சி முறையை வைத்துக் கொழும்பிலும் கண்டியிலும் பெண்களிடம் செய்த ஆய்வும் இதையே காட்டுகிறது. ஏற்கெனவே தொழில் செய்தவர்களுக்குப் பயிற்சி மட்டும் கொடுத்தபோது இலாபம் உயரவில்லை. பயிற்சியோடு நன்கொடையும் சேர்ந்தபோது முதலில் உயர்ந்தது, பிறகு அந்த உயர்வு மங்கியது. புதிதாகத் தொடங்கியவர்களுக்குப் பயிற்சி நல்ல பலன் கொடுத்தது. ஆகவே யாருக்கு, எந்தக் கட்டத்தில் என்று பார்த்துத்தான் பயிற்சி கொடுக்க வேண்டும்.

6. காணி, மண்சரிவு, சேமிப்பு

மிளகுக் கொடி நட ஒரு மரம் வேண்டும், மரம் நிற்க ஒரு துண்டு நிலம் வேண்டும். லயத்துக் காம்பரா அவளுடையதன்று. முன்னால் இருக்கும் தோட்டக்கீரைப் பாத்தியும் அவளுடையதன்று. 1992இல் தோட்டங்கள் கம்பெனிகளின் கைக்குப் போனபோதும் காணி அரசுடையதாகவே இருந்தது, குடியிருப்பவருக்கு உரிமை வரவில்லை. பிரதேச சபை தோட்டக் குடியிருப்புக்குச் செலவு செய்யத் தடையாக இருந்த சட்டப் பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது. ஈடு வைக்கக் காணி இல்லாதவள் வங்கிக்குப் போக முடியாது. வங்கிக்குப் போக முடியாதவள் கிழமைக் கடனுக்குப் போகிறாள். காணி உரிமைப் போராட்டமும் கடன் விடுதலைப் போராட்டமும் ஒன்றே.

இந்த ஊரில் நின்று மண்ணைப் பற்றிப் பேசும்போது 2016 மே 17ஆம் திகதியை மறக்க முடியாது. சாமசரக் கந்த சரிந்து சிரிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே கிராமங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களை விழுங்கியது. அதே நாளில் புளத்கொஹுபிட்டியவின் களுபஹன தோட்டத்து லயமும் புதைந்தது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும் ஒரே மழையில் இழந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மீண்டும் இந்த மலைகளை உலுக்கியது. வீடும் மாடும் மெஷினும் மண்ணுக்குள் போன பிறகும் தவணை மட்டும் மேலே நிற்கிறது. பேரிடர் வந்தால் தவணை தானாக நிற்கும் என்ற விதியும், கடனோடு சேர்ந்த காப்புறுதியும் இல்லாமல் இந்தச் சரிவுகளில் யாருக்கும் கடன் கொடுக்கக் கூடாது.

மாற்று வழி என்ன என்று கேட்பீர்கள். அது இதே மாவட்டத்தில் மறுபிறப்பு எடுத்தது. 1906இல் தெல்தெனியவில் தொடங்கிய சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்க முறை நாளடைவில் தளர்ந்து கிடந்தது. 1978இல் கேகாலை மாவட்டத்தின் வல்கம கிராமத்திலிருந்து பி. ஏ. கிரிவந்தெனிய அதற்குப் புத்துயிர் கொடுத்தார். அதுதான் சணச இயக்கம். 1997இல் அதற்கெனத் தனி வங்கியும் உருவானது. முதலில் சிக்கனம், பிறகு சேமிப்பு, பிறகு கடன் என்பது அதன் ஒழுங்கு. தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்களும் இந்த ஒழுங்கையே பின்பற்றின: குழு கூட வேண்டும், சிறுகச் சேமிக்க வேண்டும், தமக்குள் கொடுத்து வாங்கிக் கணக்கு எழுதிப் பழக வேண்டும், அதன் பிறகே வங்கி வரும். நம் பெண்களுக்கு இது புதிதன்று. லயத்தில் சீட்டுப் பிடிக்காத வீடு எது? அந்த ஒழுக்கத்துக்குப் பதிவும் சட்டப் பாதுகாப்பும் கொடுத்தால் அது சங்கமாகிவிடும். தோட்டங்களில் ஏற்கெனவே இருக்கும் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்களை இதற்குத் திறந்துவிடலாம். நிர்வாகத்தில் பெண்கள் பாதிக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

நிறைவாகச் சில வேண்டுகோள்கள்.

கூட்டுறவுத் துறை நண்பர்களுக்கு: வல்கமவில் தொடங்கிய இயக்கம் கிராமத்தின் எல்லையில் நின்றுவிடக் கூடாது. தோட்டத்தில் காலையில் பேர் எடுக்கும் பெரட்டுக்களம் வரை வர வேண்டும். விண்ணப்பமும் கணக்குப் புத்தகமும் தமிழில் இருக்க வேண்டும்.

வங்கிகளுக்கு: முதல் ஆண்டில் சேமிப்பும் விற்பனையும் காட்டிய பெண்ணுக்கு, பயிர் வரும் மாதத்தில் தவணை வைத்துக் கடன் கொடுங்கள். கிழமைத் தவணையைக் கைவிடுங்கள்.

தொழிற்சங்கங்களுக்கு: சம்பளப் பேச்சுவார்த்தையில் கேட்ட உயர்வு தவணைக்கே போய்ச் சேருமானால் அந்த வெற்றி யாருக்கு? ஒவ்வொரு தோட்டக் கமிட்டியிலும் கடன் ஒப்பந்தத்தை வாசித்துச் சொல்லும் ஒருவரை நியமியுங்கள்.

இளம் ஆசிரியர்களுக்கும் பல்கலைக்கழக மாணவர்களுக்கும்: குறைந்து வரும் முதலுக்கு வட்டி கணக்கிடும் முறையை உங்கள் தாய்க்கும் அத்தைக்கும் பக்கத்துக் காம்பரா அக்காவுக்கும் ஒரு மாலையில் சொல்லிக் கொடுங்கள். பாடசாலைக் கணிதமே போதும்.

தாய்மாரே, சகோதரிகளே, கையெழுத்து வைக்கு முன் ஒரே ஒரு கேள்வியை உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தத் தவணையைத் தொழில் கட்டுமா, என் பேர் கட்டுமா? தொழில் கட்டும் என்றால் துணிந்து வாங்குங்கள். பேர்தான் கட்ட வேண்டும் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்லும் பெண்ணுக்குப் பின்னால் சங்கமும் சட்டமும் நிற்கும்படி செய்வது, இந்த அவையில் இருக்கும் மற்ற எல்லோருடைய கடமை.